சிவகாமி வாழ்ந்தாளா?

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலைப் படித்த பலர், நடன மங்கை சிவகாமி உண்மையில் வாழ்ந்தவள் என்றே நம்புகின்றனர். அவள் கற்பனைப் பாத்திரம். 642ஆம் ஆண்டளவில் நடந்த வாதாபிப் போரோ கற்பனையன்று; வென்ற பல்லவ மன்னன் நரசிம்மவர்மனின் கல்வெட்டு, இன்றைய பாதாமியில் பாறையொன்றில் உள்ளது. படைத்தலைவர் பரஞ்சோதி, பெரியபுராணம் போற்றும் சிறுத்தொண்ட நாயனார். அதைப் பாடிய சேக்கிழார், போருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டவர்.

"கதைதானே, கதையாகவே படிப்போம்," என்பர் சில வாசகர்கள். இது பாதிதான் சரி. சூழ்ச்சிக்காரரான நாகநந்தியைக் கல்கி புத்த பிக்குவாகவும் புலிகேசியின் இரட்டைச் சகோதரராகவும் படைத்தார். அப்படி ஒருவர் இருந்ததற்கு வரலாற்றில் சான்றில்லை. சிவகாமியை நிஜமென்று நம்புவதால் எவருக்கும் தீங்கில்லை. நாகநந்தியையும் அவ்வாறே நம்பினால், அக்காலப் பௌத்தத் துறவிகள்மீது வீண்பழி விழுகிறது. நாவலை மூடிய கையோடு பல்லவர் வரலாற்று நூலைத் தேடும் வாசகர்களும் இருக்கிறார்கள்.