காட்டுக் கத்தியின் விலையும் பயனும்

விலை மிகுந்தன எல்லாம் சிறந்தன என்று கொள்ளுதலும், மலிந்தன எல்லாம் இழிந்தன என்று தள்ளுதலும் உலகிற் பெரிதும் காணப்படும் இருவகைத் தவறுகளாம். இவ்விரண்டனையும் ஆராய்தற்கு ஏற்ற ஓர் எளிய கருவியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அது, காட்டில் தங்குவோர் இடுப்பிற் கட்டிச் செல்லும் மடங்காத சிறு கத்தியாம்.

சுவீடன், இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளில், சில கருவிகளையே துணைக்கொண்டு காட்டில் நெருப்பு மூட்டவும், குடில் அமைக்கவும், உணவு சமைக்கவும் வல்ல திறமையை ஒரு கலையாகவே பயில்கின்றனர். அதனைப் புஷ்கிராஃப்ட் என்பர். அக்கலைக்குரிய கத்திகளுள் ஒன்றன் விலை மற்றொன்றன் விலையினும் பத்து மடங்கு, சிலபோது இருபது மடங்கு மிகுந்திருத்தல் உண்டு. அவ்வளவு மிகுதிப் பணம் வாங்கித் தருவது யாது? இதுவே நாம் ஆராயப் புகும் வினா.

முதலாவது, அக்கத்தி செய்யவேண்டிய தொழில்களை அறிதல் வேண்டும். குச்சிகளைச் சீவுதல், முளை கூராக்குதல், கட்டைகள் பொருந்துமாறு வெட்டுவாய் எடுத்தல், கயிறு அறுத்தல், மீன் துப்புரவு செய்தல் ஆகியன அன்றாடத் தொழில்கள். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மழையும் பனியும் பெய்து விறகெல்லாம் புறத்தே நனைந்திருக்கும் காலத்து, நின்றபடியே பட்டுப்போன மரத்தின் கட்டையைப் பிளந்து, உள்ளே உலர்ந்திருக்கும் பகுதியை மெல்லிய சுருள்களாகச் சீவி, அவற்றில் நெருப்பை ஏற்றுதல் வேண்டும். வடநாட்டுக் குளிரில் நெருப்பின்றி ஓர் இரவைக் கழித்தல் உயிருக்கே கேடாய் முடியக்கூடும். ஆதலின், இத்தொழிலிற் கத்தி உதவுமா, உதவாதா என்பது வெறும் பொழுதுபோக்கான விசாரணை அன்று.

இனி, மலிந்த கத்திக்கு ஓர் உதாரணம் காண்போம். சுவீடன் தேசத்தில் தாலர்னா என்னும் பகுதியில், சில்யான் ஏரிக்கரையில் மோரா என்றோர் ஊர் உளது. அதனை அடுத்த எஸ்த்நூர் என்னும் சிற்றூரில் 1891-ஆம் ஆண்டில் பிராஸ்ட் எரிக் எர்சன் என்பவர் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். 1912-இல் எரிக்சன் என்பாரின் தொழிற்சாலை அங்கே தோன்றியது. இவ்விரு மரபுகளும் 2005-இல் ஒன்றாயின. இன்று மோரக்னிவ் என்று வழங்கும் அந்நிறுவனத்தின் கம்பானியன் என்னும் கத்தி உலகெங்கும் பரவியுள்ளது. அதன் அலகு ஏறக்குறைய 104 மில்லிமீட்டர் நீளமும், 2.5 மில்லிமீட்டர் கனமும் உடையது. பிடி அச்சில் வார்த்தது, உறையும் அத்தகையதே. காட்டுக்கலை வல்லுநராய் விளங்கிய கனடா நாட்டு மோர்ஸ் கொச்சான்ஸ்கி (1940–2019) மோராக் கத்திகளைத் தாமும் கையாண்டு, பிறர்க்கும் பரிந்துரைத்தவர் ஆவர்.

விலை மிகுந்தவற்றுள் இரண்டினைக் கூறுவோம். ஒன்று, சுவீடனிலேயே 1984-இல் தொடங்கப்பெற்ற ஃபால்க்னிவன் நிறுவனத்தின் எஃப்-1. 4.5 மில்லிமீட்டர் கனமுள்ள இதனை 1995-இல் சுவீடன் ஆகாயப் படையினர் தம் விமானிகளுக்கு உரிய கத்தியாக ஏற்றனர். மற்றொன்று, இங்கிலாந்தின் ரே மியர்ஸ் வகுத்த அமைப்பின்படி ஆலன் வுட் என்னும் கொல்லர் கையாற் செய்த வுட்லோர் கத்தி. இதன் கனம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்.

இவற்றை நான்கு கூறுகளில் ஒப்பிடுவோம்.

முதற்கூறு உருக்கு. மலிந்த மோராக் கத்தி இருவகை உருக்கிலும் கிடைக்கும். துருப்பிடியாத வகையாகிய 12சி27 என்பதில் நூற்றுக்கு 0.6 பங்கு கரியும், 13.5 பங்கு குரோமியமும் உள்ளன. மற்றது சாதாரணக் கரியுருக்கு. இது விரைவிற் கூரேறும், ஈரம் பட்டால் துருவும் ஏறும். எஃப்-1 கத்தியின் வாயிலுள்ள விஜி-10 என்னும் ஜப்பானிய உருக்கில் கரி ஏறக்குறைய 1 பங்கு. ஆதலின் கூர் நெடுநேரம் நிற்கும். ஆனால் வுட்லோர் கத்தியின் ஓ-1 உருக்கோ துருவைத் தடுப்பதன்று. பெருவிலை கொடுத்து வாங்கிய அதற்கு நாடோறும் எண்ணெய் தடவ வேண்டியிருக்க, சிறுவிலைக் கத்தியொன்று மீன்குடலிற் கிடந்தும் பளபளப்பாய் இருத்தல் கூடும். எனவே, விலை எல்லாக் குணங்களையும் ஒருங்கே உயர்த்துவதில்லை.

இரண்டாவது கூறு அலகின் கனம். வேறெல்லாம் ஒத்திருக்குமாயின், தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கேற்ப வளரும். 2.5 மில்லிமீட்டர் 4.5 ஆகும்போது கனம் 1.8 மடங்கே மிகும். விறைப்போ ஏறக்குறைய 6 மடங்கு மிகும். இஃது ஒரு பெரும் ஆதாயமே. ஆயினும், கனத்த அலகு மரத்தினுள் ஆழச் செல்லச்செல்ல ஆப்புப்போல இருபுறமும் நெருக்கும். மெல்லிய அலகோ எளிதாய் நுழையும். ஆதலின், சீவுதலிலும் அறுத்தலிலும் மலிந்த மெல்லிய கத்தியே மேலோங்கி நிற்றல் உண்டு.

மூன்றாவது கூறு, அலகின் தொடர்ச்சியாய்ப் பிடிக்குள் செல்லும் தகடு. இதனை வால் என்று குறிப்போம். கம்பானியன் கத்தியின் வால் பிடியின் கடைசி வரை செல்வதில்லை. விலை மிகுந்த இரண்டிலும் அது பிடியின் முழு நீளமும் செல்லும். கட்டையின் தலையிற் கத்தியை வைத்து, அதன் முதுகில் மரத்துண்டால் அடித்துப் பிளக்கும்போதும், இறுகிய கத்தியை நெம்பி எடுக்கும்போதும் இவ்வேறுபாடு வெளிப்படும். மெல்லிய கத்திகள் முறிவது பெரும்பாலும் நெம்புதலினாலேயாம்.

நான்காவது கூறு கூர் தீட்டுதல். மோராக் கத்தியின் வாய் இருபுறமும் ஒரே அகன்ற சாய்வாக அமைந்துள்ளது. அச்சாய்வு முழுவதும் படியுமாறு சாணைக்கல்லின்மேல் வைத்துத் தேய்த்தாற் போதும்; சரியான கோணத்தைக் கல்லே காட்டித்தரும். வுட்லோர் கத்தியும் இம்முறையதே. எஃப்-1 கத்தியின் வாய் குவிந்த வடிவுடையது. வலிமை மிகுதி, ஆனால் தீட்டுதற்குக் கைப்பழக்கம் வேண்டும். மலிந்த கத்தியைக் கல்லில் வைக்கத் தொடக்கக்காரர் அஞ்சுவதில்லை. விலை மிகுந்த கத்தியோ, கீறல் விழுமென்னும் அச்சத்தால் தீட்டப்படாமலே மழுங்கிக் கிடத்தல் உண்டு. மழுங்கிய கத்தி அழுத்தத்தை வேண்டும். அழுத்திய கத்தி வழுக்கிக் கையை வெட்டும்.

நிற்க. மலிவு என்பதிலும் இருவகை உண்டு என்பதை மறத்தலாகாது. எளிய அமைப்பினாலும், ஒரே வகையைப் பல்லாயிரமாகச் செய்தலினாலும் வரும் மலிவு ஒன்று. மோராவின் மலிவு இத்தகையது. அங்கே பணம் குறைக்கப்படுவது அழகிலும், பிடியிலும், கனத்திலுமேயன்றி, உருக்கைக் காய்ச்சித் தோய்த்துப் பதமாக்கும் தொழிலில் அன்று. மற்றொன்று, அப்பதமாக்குதலையே சரிவரச் செய்யாது, புறத்தே பல்லும் பளபளப்பும் காட்டி, உள்ளீடற்ற பிடியில் அலகைப் பொருத்தி விற்கும் மலிவு. அத்தகைய கத்தியின் கூர் மடங்கும், அல்லது உதிரும்; பிடி கழன்றுவிடும். முதல் மலிவு சிக்கனம். இரண்டாவது மலிவு வஞ்சனை.

ஆகவே, நம் வினாவிற்கு விடை யாதெனின், நல்ல மலிந்த கத்திக்கு மேற்பட்டுக் கொடுக்கும் பணம் வெட்டும் திறத்தை வாங்குவது சிறிதே. முறியாமைக்குரிய உறுதியையும், கைவினையின் அழகையுமே அது பெரிதும் வாங்குகின்றது. விமானத்தினின்று குதித்துப் பனிக்காட்டில் விழும் விமானிக்குக் கோடரி இல்லை, வாள் இல்லை, துணைவர் இல்லை. உள்ள ஒரு கத்தி முறிந்தால் வேறில்லை. அவர்க்கு அவ்வுறுதி எவ்விலைக்கும் தகும். ஆனால், கோடரியும் சிறு வாளும் தோழரும் உடன்வர முகாம் செல்லும் மாணவர்க்கு அவ்வளவு உறுதி வேண்டுவதில்லை. அன்றியும், கைத்திறன் உள்ளவர் மெல்லிய கத்தியாலேயே மரஆப்புகள் சீவி, கணுவில்லாத கட்டையில் சிறு பிளவு செய்து, அவ்வாப்புகளை அறைந்து பெருங்கட்டையையும் பிளந்துவிடுவர். அங்கே கத்திக்கு இல்லாத வலிமையை அறிவு ஈடுசெய்கின்றது.

ஆதலின், கத்தி வாங்கப் புகும் இளைஞர் விலைச்சீட்டை நோக்குமுன் இரண்டு வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்வாராக: இது முறிந்தால் எமக்கு நேர்வது என்ன? இதனைத் தீட்டவும் கையாளவும் யாம் கற்றுள்ளோமா? முதல் வினாவிற்கு விடை அச்சந்தருவதாயின் உறுதியான கத்திக்குப் பணம் செலவிடுதல் தகும். இரண்டாவதற்கு விடை இல்லையென்பதாயின், நல்ல மலிந்த கத்தியொன்றையும் ஒரு சாணைக்கல்லையும் முதலில் வாங்கிப் பழகுவதே அறிவுடைமையாகும்.