ஆள் சரியில்லையா, வேலை சரியில்லையா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பஸ் நிறுத்தங்களுக்கே கம்பெனிப் பெயர்கள்தான். லூகாஸ், பிரிட்டானியா, டன்லப், வாவின் என்று கண்டக்டர் கூவிக்கொண்டே வருவார். டன்லப்பில் டயர் உருண்டு வெளியே வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இறங்குகிறவர்கள் இன்னும் டன்லப்பில்தான் இறங்குகிறார்கள். 2003-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, பட்டாபிராமில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்து வண்டி உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடம். இருபது வருடத்துக்கு மேல் அந்த எஸ்டேட்டில் ஆட்களை மேய்த்ததில் நான் கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதைக் கற்பதற்குள் செய்த தப்புகளைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மெமோவில் தொடங்கியது

சேர்ந்து ஐந்தாறு வருடத்தில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். நீள மேசை, பத்துப் பன்னிரண்டு பெண்கள், தலைக்கு மேல் டியூப் லைட். ஒவ்வொரு பீஸாக எடுத்து, துளையில் கேஜை விட்டுப் பார்த்து, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துத் தட்டில் போட வேண்டும். காலை முதல் சாயங்காலம் வரை இதேதான்.

ஒரு நாள் கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்தது. ஒரு பெட்டி பிசிறோடு போயிருக்கிறது. பெட்டிச் சீட்டில் இருந்த கையெழுத்து, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு அக்காவுடையது. கூப்பிட்டுக் கேட்டேன். "மத்தியானத்துக்கு மேல கண்ணு பூத்த மாதிரி ஆயிடுது மேடம்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. மெமோ அடித்துக் கொடுத்தேன். மேலே அனுப்பிய ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் 'ஆள் சரியில்லை' என்று எழுதினேன். அவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டு, அந்த நாற்காலியில் ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்தேன். அடுத்த மாதமே அதே கம்ப்ளைன்ட் திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாடியில் ஒரு தரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தரம் என்ற பேச்சில் பாடிக்கு ஒரு பெருமை உண்டு. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அந்தப் பரிசை முதலில் வாங்கியது அவர்கள்தான். அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த தர நிபுணர் டெமிங் தன் வகுப்புகளில் நடத்திய மணி விளையாட்டை எங்களுக்கும் நடத்தினார்கள். டப்பாவில் வெள்ளை மணிகளோடு கொஞ்சம் சிவப்பு மணிகள் கலந்திருக்கும். 50 குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் நல்ல பீஸ், சிவப்பு என்றால் ரிஜெக்‌ஷன். எனக்கு முதல் தடவை சிவப்பு குறைவாக வந்தது, கைதட்டினார்கள். அடுத்த தடவை நிறைய வந்தது. எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தது. இரண்டு தடவையும் நான் ஒரே மாதிரிதான் அள்ளினேன். டப்பாவில் சிவப்பு மணி இருக்கும் வரை யார் அள்ளினாலும் சிவப்பு வரத்தான் செய்யும். எனக்கு அந்த அக்காவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

முதல் பாடம்: நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

திரும்பி வந்ததும் ஒரு நாள் முழுக்க அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். பதினொரு மணி வரை ஒன்றும் தெரியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஷட்டர் வழியாக வெயில் நேராக மேசைக்கு வந்தது. பளபளவென்று இருந்த பீஸில் வெளிச்சம் பட்டுத் தெறிக்க, பிசிறு எது, மினுக்கல் எது என்று எனக்கே பிடிபடவில்லை. மூன்று மணிக்கு நான் 'ஓகே' செய்த ஒரு தட்டை வேறொருவரை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அதில் பிசிறு இருந்தது.

மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட ஒரு பைசா செலவாகவில்லை. அன்றைக்கே ரிஜெக்‌ஷன் ரெஜிஸ்டரிலும் ஒரு மாற்றம் செய்தேன். அதுவரை ஆபரேட்டர் பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. மணி, மேசை, பீஸ் வகை என்று மூன்று கட்டம் சேர்த்தேன். உங்கள் இடத்தில் இன்றைக்கே செய்யக்கூடியது இதுதான். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். தப்பு ஒரு பெயரின் கீழ் குவிகிறதா, ஒரு மணியின் கீழ் குவிகிறதா என்று தானே தெரியும். எங்களுக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலுக்குள் குவிந்தது, யார் உட்கார்ந்திருந்தாலும்.

இரண்டாவது பாடம்: தூக்கம் சோம்பல் அல்ல

வெயிலைச் சரிசெய்த பிறகும் அந்த இரண்டு மணி நேரம் முழுதாகச் சரியாகவில்லை. எங்கள் பெண்கள் பலருக்கு நாலு மணிக்கு எழுந்தால்தான் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைக்கு டப்பா கட்டி, ஆறேகால் ரயிலைப் பிடிக்க முடியும். "ராத்திரி நல்லா தூங்குங்கம்மா" என்று நானும் அறிவுரை சொல்லியிருக்கிறேன்.

அந்த அறிவுரை எவ்வளவு வெறுமையானது என்று பின்னால் ஓர் ஆராய்ச்சியைப் படித்தபோது உறைத்தது. அது நம் சென்னையிலேயே நடந்தது, 2021-ல் வெளியானது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரை ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலையில் அமர்த்தி, கையில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டி, தூக்கத்தை அளந்தார்கள். படுக்கையில் கிடந்தது ஏறக்குறைய 8 மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். வெக்கை, கொசு, சத்தம் என்று இரவெல்லாம் விழிப்பு. ஒரு பகுதியினருக்கு நல்ல படுக்கை, மின்விசிறி, காதடைப்பான், ஆலோசனை எல்லாம் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலையிலோ வருமானத்திலோ மனநிலையிலோ அதனால் சொல்லும்படியான மாற்றம் எதுவும் வரவில்லை. கூடுதலாகக் கிடைத்ததும் விட்டுவிட்டு வந்த தூக்கம்தானே.

இன்னொரு பகுதியினருக்கு வேலையிடத்திலேயே, அமைதியான அறையில், மத்தியானம் அரை மணி நேரம் தூங்க இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலை வேகமும் கவனமும் மனநிறைவும் கூடின. ஒன்றை மறைக்கக் கூடாது: அந்த அரை மணியில் தூங்காமல் வேலையே செய்தவர்கள் மொத்தத்தில் அதிகம் சம்பாதித்தார்கள். சும்மா ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டால்தான் தூங்கியவர்கள் முன்னால் நின்றார்கள்.

முதலாளியிடம் இதை இரண்டு பக்கமும் வைத்தே பேசினேன். "தூங்கறதுக்கு நான் சம்பளம் குடுக்கணுமா?" என்றார். "வேணாம் சார். சாப்பாட்டு நேரம் எப்படியும் அவங்களோடதுதான். அதுல கடைசி இருபது நிமிஷம் டிஸ்பாட்ச் ரூம்ல லைட்டை அணைச்சுடலாம், யாரும் உள்ள போய்க் கூப்பிட வேணாம். அவ்வளவுதான்" என்றேன். 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணி ஓய்வு வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எங்கள் இடத்தில் அந்த அரை மணியில்தான் ஸ்டாக் எண்ணச் சொல்வதும், மீட்டிங் போடுவதுமாக இருந்தோம். புதிதாக எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தோம். பாய் போட்டுப் படுத்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்கள்.

மூன்றாவது பாடம்: கேன் வைத்தால் போதாது

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாதம். கூரையின் கீழ் நின்றால் மண்டை கொதிக்கும். ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் தண்ணீர் கேன் வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் இருந்தேன். சாயங்காலம் கேன் அப்படியே இருந்தது. ஒருத்தரும் குடிக்கவில்லை.

பேக்கிங் அக்காதான் விஷயத்தை உடைத்தார். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும். பாத்ரூமு அந்தக் கோடியில. போவணும்னா உங்ககிட்ட கேக்கணும். திரும்பி வந்தா, இவ்ளோ நேரமான்னு பாப்பீங்க. எதுக்கு வம்புன்னு குடிக்கறதில்ல."

போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் உப்பளம், செங்கல் சூளை, தொழிற்சாலை என்று வெப்பத்தில் உழைப்பவர்களைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ந்து வருகிறார்கள். கழிப்பறை வசதி இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பதும், அதனால் சிறுநீர்த் தொற்று முதலான தொல்லைகள் வருவதும் அவர்கள் பதிவுசெய்தவற்றில் உண்டு. எங்கள் மேசையிலிருந்து சில மைல் தூரத்தில் இருப்பவர்கள் எழுதிவைத்ததை நான் கேனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அனுமதி கேட்கும் வழக்கத்தை எடுத்தோம். பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். ஒரு வசதி செய்து கொடுத்து அதை யாரும் பயன்படுத்தவில்லை என்றால், 'இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும்...' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வசதிக்கும் அவர்களுக்கும் நடுவில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் நடுவில் நின்றது நான்.

நான்காவது பாடம்: அட்டவணையை அவர்கள் போடட்டும்

ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்தால் மூளை மரத்துப்போகிறது என்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்ற ஓர் அட்டவணை போட்டேன். கலர் பேனா எல்லாம் வைத்து. ஒரே வாரத்தில் சண்டை. கேஜ் பார்ப்பதில் கை தேர்ந்தவருக்கு எண்ணிப் பேக்கிங் செய்யப் பிடிக்கவில்லை. முட்டி வலிக்காரருக்கு நின்று செய்யும் வேலை விழுந்தது.

அகமதாபாத் காலிகோ மில்லில் 1953-ல் நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். புதுத் தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி கூடவில்லை. லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ரைஸ் வந்து பார்த்தார். வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள்; ஒரு தறிக்கு யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. சில தறிகளுக்கு ஒரு சின்னக் குழு, முழுப் பொறுப்பும் அவர்களுக்கு என்று மாற்றலாம் என யோசனை வந்தபோது, குழுக்களைத் தொழிலாளர்களே பிரித்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, சேதம் இறங்கியது.

என் கலர் அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். நாலு நாலு பேராகப் பிரித்து, "இந்த வகைப் பீஸ் உங்க பொறுப்பு. யார் எப்ப மாத்திக்கறதுன்னு நீங்களே பேசிக்குங்க" என்றேன். அவர்கள் போட்டுக்கொண்ட முறை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் ஓடியது.

ஐந்தாவது பாடம்: மாதக் கடைசிக்கும் கவனத்துக்கும் தொடர்பு உண்டு

ரெஜிஸ்டரில் மாதத்தின் கடைசி வாரமும் கொஞ்சம் வீங்கியே இருந்தது. டார்கெட் அவசரம் ஒரு காரணம். சீட்டுப் பணம், வட்டி, ஸ்கூல் ஃபீஸ் இன்னொன்று. ஒடிசாவில் தைக்கும் இலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு மட்டும் கூலியில் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்தார்கள். கையில் காசு வந்து கடனை அடைத்தவர்கள் வேகமாகத் தைத்தார்கள், தப்பும் குறைந்தது. இருப்பதிலேயே ஏழைகளிடம் இது அதிகம் தெரிந்தது. கூலி ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை, வந்த நாள்தான் மாறியது. நாங்கள் செய்தது சின்னது: இருபதாம் தேதிக்கு மேல் காரணம் கேட்காமல் அட்வான்ஸ். முன்பு அட்வான்ஸ் கேட்டு வருபவர் முதலில் அழ வேண்டியிருந்தது.

என்னால் முடியாதது

எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் பையன்கள் ஓ.டி.க்கு மேல் ஓ.டி. பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. அடிப்படைச் சம்பளம் போதாதபோது அவர்களே வந்து கேட்கிறார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதா சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். எங்கள் கேன்டீனில் அன்றைக்குச் சிரிப்பு. "நாம எப்பவோ பாஸ் பண்ணிட்டோமே" என்றான் ஒரு பையன். மேசையைத் திருப்பிப் போட்டால் தீரும் பிரச்சினை உண்டு, தீராததும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, சம்பளம் கேட்பவருக்குத் தூக்கத்தின் அருமையைப் பாடம் நடத்தக் கூடாது.

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு வரி இதுதான்: தப்பு நடந்தால் ஆளைத் தேடுவதற்கு முன் வேலையைத் தேடு. இப்போது ரிப்போர்ட்டில் யாராவது 'ஆள் சரியில்லை' என்று எழுதி வந்தால், திருப்பிக் கொடுத்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்கிறேன்.

பேக்கிங் அக்காவை மறுபடி இன்ஸ்பெக்‌ஷனுக்கே கூப்பிட்டேன். அவர் ரிடையர் ஆகிற அன்றைக்குத்தான் வாய்விட்டு மன்னிப்புக் கேட்க முடிந்தது. "அந்த மெமோ விஷயத்துல நான் செஞ்சது தப்புக்கா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவா? பின்னாடி வெள்ளையாத்தானே இருந்துச்சு. எம் பையன் கணக்குப் போட்டுட்டான் மேடம்" என்றார்.