மீன்தொட்டிப் பம்பியும் வன்னீரும்

அச்சுவேலியில் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை இருப்பதைக் கண்டிருப்பீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலக்கீழ் நீர் சுண்ணாம்புக்கல்லில் தேங்குவதால் அது வன்னீராகும். அந்தப் படையான கல்சியம் காபனேற்று மீன்தொட்டிப் பம்பியின் காந்தச் சுழலியிலும் படிகின்றது. சுழலி இறுகினால் நீரோட்டம் குறையும். நீரில் ஒட்சிசன் கரைவதும் குறையும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனாலாகலாம்.

முதலில் செருகியைக் கழற்றுங்கள். சுழலியை வினாகிரியில் ஊறவிடுங்கள். அசற்றிக்கமிலம் படையைக் கரைக்க, குமிழிகள் எழும். அவ்வாயு சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும். (என்ன வாயு?) பின்பு தூரிகையால் தேய்த்து, வினாகிரி நீங்க அலசுங்கள்.

வடிகட்டிப் பஞ்சில்தான் பலர் பிழை விடுகின்றனர். அதிலுள்ள பற்றீரியாக்கள் நஞ்சான அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. குளோரீன் இட்ட நீர் அவற்றைக் கொல்லும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள்.

வினா: பஞ்சைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய சில நாட்களில் மீன்கள் இறந்தன. காரணம் தருக.