கரணமும் கணக்கும்

'கரணம் தப்பினால் மரணம்' என்பது பழமொழி. வைகையின் வடகரையில் விளாங்குடி தொடங்கிச் சோழவந்தான் வரை, வயற்கிணறுகள் உள்ள இடங்களில் கோடை விடுமுறை வந்தால் சிறுவர்கள் மேட்டிலிருந்து கரணமடித்து நீரில் குதிப்பதைக் காணலாம். வயல்கள் வீட்டு மனைகளாகிவிட்ட பகுதிகளில் அந்த விளையாட்டுக்கு இடமில்லை. டிராம்போலின் என்னும் துள்ளுமேடை இப்போது விளையாட்டுக் கூடங்களுக்கும் சில வீடுகளுக்கும் வந்திருக்கிறது. அதில் வீட்டில் எதைப் பழகலாம், எதைப் பழகக் கூடாது? இயற்பியலின் துணையோடு ஆராய்வோம்.

சர்க்கஸ் வலையில் பிறந்தது

சர்க்கஸில் ஊஞ்சலாடுவோர் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டியுள்ள வலையில் விழுந்து துள்ளுவார்கள். இதைக் கவனித்த அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் ஜார்ஜ் நிசென், 1930களில் தம் பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து, இரும்புச் சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டி இக்கருவியை உருவாக்கினார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகச் சேர்ந்தது. தேர்ந்த வீரர்கள் இதில் ஏறத்தாழ 8 மீட்டர் உயரம் வரை எழும்புகிறார்கள்.

நிற்கும் தூரம்

50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவன் 1.25 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறான் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என எடுத்துக்கொண்டால், கீழே வந்து சேரும்போது அவன் வேகம் நொடிக்கு 5 மீட்டர். சிமெண்டுத் தரையானாலும் துள்ளுமேடையானாலும் இந்த வேகம் ஒன்றே. வேறுபடுவது, அவன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதுதான். விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால், சராசரித் தாக்குவிசை அவன் எடையைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும்.

காலை விறைப்பாக வைத்துச் சிமெண்டுத் தரையில் 5 செ.மீ. தூரத்தில் நின்றால் 26 மடங்கு. அதாவது 13,000 நியூட்டன். முழங்காலை மடக்கி 25 செ.மீ. தூரத்தில் நின்றால் 6 மடங்கு; 3,000 நியூட்டன். துள்ளுமேடை 50 செ.மீ. அமிழ்ந்து தாங்கினால் 3.5 மடங்கு, 1,750 நியூட்டன். கிணற்று நீர் நம்மைத் தாங்குவதும் இதே முறையில்தான். ஆழமில்லாத கிணறு உயிரைப் பறிப்பதற்கும் இதுவே காரணம்.

அச்சம் செய்யும் தீங்கு

துள்ளுமேடை மென்மையானதாயிற்றே, அதில் கரணம் அடித்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

கால் மேடையை விட்டு நீங்கியபின் உடலின் கோண உந்தத்தை யாராலும் மாற்ற முடியாது. உடலைச் சுருட்டினால் சுழற்சி வேகம் கூடும், நீட்டினால் குறையும். நீட்டிய உடலின் நிலைமத் திருப்புத்திறன், சுருட்டிய உடலினதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

1.25 மீட்டர் எழும்பி இறங்க ஆகும் நேரம் சரியாக ஒரு நொடி. அதற்குள் 360 பாகை சுழல வேண்டும். முதல் அரை நொடியில் 180 பாகை திரும்பியாயிற்று; தலை கீழே இருக்கிறது. புதிதாகப் பழகுபவன் அந்த நேரத்தில் பயந்து உடலை நீட்டிவிடுகிறான். சுழற்சி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மீதி அரை நொடியில் அவன் திரும்புவது 60 பாகைதான். ஆக மொத்தம் 240 பாகை. தலை இன்னும் காலுக்குக் கீழேதான் இருக்கிறது! முதலில் மேடையைத் தொடுவது தலை அல்லது பிடரி. உடலின் எடை முழுவதும் பின்னாலிருந்து கழுத்தை மடக்கும். தண்டுவடம் நைந்துபோனால் வாழ்நாள் முழுதும் கை கால் செயலற்றுப் போகலாம்.

2016 ரியோ ஒலிம்பிக்கின் தாவல் போட்டியில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காம் இடம் பிடித்த திரிபுராவின் தீபா கர்மாகர், சிறு வயது முதலே விஸ்வேஸ்வர் நந்தி என்னும் பயிற்சியாளரிடம் கற்றவர். ஆகவே, கரணம் பயிற்சிக் கூடத்துக்கு உரியது. தாங்கு வாரும் நுரைத் துண்டுகள் நிரப்பிய குழியும், தேர்ந்த ஆசிரியரும் இருக்கும் இடத்திலேயே அதைக் கற்க வேண்டும்.

ஒருவர் மட்டுமே

60 கிலோகிராம் அண்ணன் மேடையை அரை மீட்டர் அமிழ்த்தும்போது இழக்கும் நிலையாற்றல் 300 ஜூல். அதில் பாதி, பக்கத்தில் நிற்கும் 30 கிலோகிராம் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தால், அவன் எதிர்பாராமல் அரை மீட்டர் கூடுதலாகத் தூக்கி எறியப்படுவான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காயங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பலர் ஒரே நேரத்தில் குதிக்கும்போது நேர்பவை. வீட்டில் டிராம்போலின் வேண்டாம் என்பதே அக்கழகத்தின் அறிவுரை.

வீட்டில் இருந்தால்

1. பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, ஒருவர் மட்டும் குதிக்க வேண்டும். 6 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக் கூடாது.

2. சமதளமான திறந்த தரையில் வையுங்கள். மின்விசிறியின் கீழும் மொட்டை மாடியிலும் வேண்டவே வேண்டாம். மேடையின் மேல் நிற்பவருக்கு மாடியின் கைப்பிடிச் சுவர் தடையாகாது.

3. சுருள்வில்களும் சட்டமும் மெத்தையால் மூடப்பட்டிருக்க வேண்டும். கழுத்துச் சங்கிலி, துப்பட்டா ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள்.

4. முதலில் கற்க வேண்டியது நிற்பது. இறங்கும்போது முழங்காலை மடக்கிக் கைகளை முன்னே நீட்டினால் துள்ளல் அடங்கும். இது கைவந்தபின் நடுவிலேயே நேராகக் குதித்தல், பிறகு காலை நீட்டி உட்கார்ந்து எழுதல். உட்காரும்போது உள்ளங்கைகள் இடுப்பின் பக்கத்திலும், விரல்கள் பாதத்தை நோக்கியும் இருக்கட்டும். வீட்டுப் பயிற்சி இத்துடன் போதும்.

5. யாரேனும் கழுத்து அடிபட விழுந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். தலையையும் கழுத்தையும் அசைக்காமல் 108ஐ அழையுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு கால்பந்தின் மேல் சிறிய ரப்பர் பந்தை வைத்து, இரண்டையும் இடுப்புயரத்திலிருந்து ஒன்றாக விடுங்கள். முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். சிறிய பந்து எவ்வளவு உயரம் போகிறது? அண்ணனோடு குதித்த தம்பியின் நிலை அதுதான்.

கணக்கு: 40 கிலோகிராம் மாணவி 0.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 0.4 மீட்டரில் நிற்கிறாள். சராசரித் தாக்குவிசை எவ்வளவு? (விடை: 1,200 நியூட்டன்)