ஒரு சாவி, பல கதவுகள்

நுழையும்முன்

வாயிலில் நிற்பவரை முகம்பார்த்தும் குரல்கேட்டும் அறிந்துகொள்கிறோம். வலையமைப்பின் மறுமுனையில் இருப்பவரை எவ்வாறு அறிவது? ஒருமுறை மெய்ப்பித்த அடையாளத்தைக் கொண்டு பல சேவைகளைப் பெறும் முறையே ஒற்றை உள்நுழைவு. அதன் இயல்பையும், அதனை ஓர் இணையச் சேவையகத்தில் இணைக்கும் வழியையும், அதில் கொள்ளவேண்டிய விழிப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

அடையாளமும் சான்றும்

அடையாளம் காட்டி நம்பிக்கை பெறுதல் தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாலையில் பண்டப் பொதிகள்மீது சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அசோகவனத்தில் சீதையின் ஐயத்தை நீக்கியது அனுமன் கொண்டுசென்ற கணையாழி. பொற்கொல்லனின் சொல்லை ஆராயாது ஏற்றதால் கோவலன் உயிரிழந்தான். சிலம்பின் உள்ளே இருந்த மாணிக்கப் பரல் பின்னரே உண்மையை உரைத்தது. புறத்தோற்றம் ஒத்திருப்பது சான்றாகாது. உரியவரிடம் மட்டுமே இருக்கக்கூடிய ஒன்றே சான்றாகும். கணினி உலகின் அடையாள உறுதிப்பாடும் இக்கருத்தின்மீதே நிற்கிறது.

கடவுச்சொற்களின் சுமை

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி இருப்பதாகக் கொள்வோம். அங்கு வருகைப் பதிவுக்கு ஒரு மென்பொருள், நூலகத்திற்கு ஒன்று, மதிப்பெண் பட்டியலுக்கு ஒன்று, ஊதியத்திற்கு ஒன்று எனப் பல உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருந்தால், பயன்படுத்துவோர் என்ன செய்வர்? எல்லாவற்றிற்கும் ஒரே சொல்லை வைப்பர். அல்லது தாளில் எழுதி மேசைமேல் ஒட்டுவர். பணியிலிருந்து ஒருவர் விலகினால் எல்லா மென்பொருள்களிலும் அவர் பெயரைத் தேடி நீக்கவேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் அக்கதவு திறந்தே கிடக்கும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு காணும் முயற்சி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983ஆம் ஆண்டு தொடங்கிய ஏதீனா திட்டத்தில் உருப்பெற்றது. அங்கு உருவான முறைக்குக் கெர்பரஸ் என்று பெயர். கிரேக்கத் தொன்மத்தில் கீழுலகின் வாயிலைக் காக்கும் முத்தலை நாயின் பெயரே அது. அதன் ஐந்தாம் பதிப்பு 1993இல் வரையறுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 முதல் அலுவலக வலையமைப்புகளிலும் அது பரவியது.

சீட்டு முறை

கெர்பரஸ் முறையில் மூவர் பங்கு பெறுகின்றனர்: பயனர், சேவையகம், இருவரும் நம்பும் நடுநிலைச் சான்றகம். காலையில் பயனர் தம் கணினியில் கடவுச்சொல்லை ஒருமுறை இடுகிறார். அச்சொல் வலையமைப்பில் பயணம் செய்வதில்லை. அதிலிருந்து பெறப்படும் மறைத்திறவுகோலைக் கொண்டே கணினி தன்னை மெய்ப்பித்து, சான்றகத்திடமிருந்து முதற்சீட்டைப் பெறுகிறது.

பின்னர் நூலக மென்பொருளை நாடும்போது, முதற்சீட்டைக் காட்டி நூலகத்திற்குரிய தனிச்சீட்டைக் கணினி பெறுகிறது. அச்சீட்டு நூலகச் சேவையகத்தின் மறைத்திறவுகோலால் பூட்டப்பட்டது. அதனைத் திறக்க இயலுவதாலேயே, இது சான்றகம் வழங்கியது என்பதைச் சேவையகம் உறுதி செய்கிறது. சீட்டுக்குக் காலவரம்பு உண்டு. நேற்றைய சீட்டு இன்று செல்லாது.

சேவையகத்தில் இணைத்தல்

ஏற்கெனவே இயங்கும் ஓர் இணைய மென்பொருளில் இம்முறையைச் சேர்க்கச் சில படிகள் உள்ளன. முதலில் அச்சேவையின் பெயரைச் சான்றகத்தில் பதியவேண்டும். பயனர் உலாவியில் இடும் முகவரியும் பதிந்த பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் அதற்குரிய சீட்டு கிடைக்காது. அடுத்து, அப்பெயருக்குரிய மறைத்திறவுகோலை ஒரு கோப்பாகச் சேவையகத்தில் வைக்கவேண்டும். அதனைச் சேவையக மென்பொருளன்றி வேறெவரும் படிக்க இயலாதவாறு காத்தல் கடமை.

உலாவி வரும்போது சேவையகம் உடனே பக்கத்தைத் தராது. அடையாளம் காட்டுமாறு 401 என்னும் குறியீட்டுடன் மறுமொழி அனுப்பும். அச்சேவையகத்தை நம்பலாம் என உலாவிக்கு முன்னரே அறிவுறுத்தியிருந்தால், அது சீட்டைத் தானே சேர்த்து மீண்டும் வேண்டும். பயனர் எதையும் தட்டச்சு செய்யாமலே கதவு திறக்கும். கணினிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்கவேண்டும். பொதுவாக ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் சீட்டு மறுக்கப்படும். பழைய சீட்டைக் களவாடி மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்கவே இவ்வரம்பு.

குலசேகரத்தில் தம் இல்லத்திலிருந்து கைப்பேசி வழியே நூலகத்தை நாடும் ஆசிரியருக்கு இம்முறை பெரும்பாலும் உதவாது. கல்லூரியின் உள்வலையமைப்பிலுள்ள சான்றகத்தை அக்கைப்பேசி எட்ட இயலாது. அவருக்கு வேறுவழி உண்டு. சேவையகம் அவரது உலாவியைக் கல்லூரியின் உள்நுழைவுப் பக்கத்திற்குத் திருப்பிவிடும். அங்கு அடையாளம் உறுதியானதும், மின்னணுக் கையொப்பமிட்ட சான்றுரையுடன் உலாவி திரும்பிவரும். இதற்கான சாம்ல் என்னும் பொதுவரையறையின் இரண்டாம் பதிப்பு 2005இல் வெளிவந்தது. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் கூட்டமைப்பு இவ்வழியில் இயங்குகிறது. உறுப்பு நிறுவனங்களின் மாணவரும் ஆசிரியரும் தம் நிறுவன அடையாளத்தைக் கொண்டே வளாகத்திற்கு வெளியிலிருந்தும் மின்னிதழ்களைப் படிக்கலாம். அரசுச் சேவைகளுக்கான 'மேரி பெஹ்சான்' என்னும் தேசிய ஒற்றை உள்நுழைவுத் திட்டம் 2022 ஜூலையில் தொடங்கப்பட்டது.

அடையாளம் வேறு, அனுமதி வேறு

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. சீட்டு, வந்திருப்பவர் யார் என்பதை மட்டுமே கூறும். அவர் எதைச் செய்யலாம் என்பதைக் கூறாது. மாணவரும் தேர்வுத்துறை அலுவலரும் ஒரே வாயில் வழியே நுழையலாம். ஆனால், மதிப்பெண்ணைத் திருத்தும் உரிமை ஒருவருக்கே உரியது. அவ்வுரிமையை ஒவ்வொரு மென்பொருளும் தனியே சோதித்தல் வேண்டும். உள்ளே வந்தவர் எல்லாரும் வீட்டார் ஆகிவிடார்.

ஆரல்வாய்மொழி தரும் பாடம்

ஒற்றை வாயிலால் நன்மை பெரிது. அது வீழ்ந்தால் கேடும் பெரிது. இதற்கு நாஞ்சில் நாட்டு வரலாறே சான்று. பாண்டிநாட்டுப் பக்கமிருந்து நாஞ்சில் நாட்டிற்குள் வரும் கணவாயில் அமைந்தது ஆரல்வாய்மொழி. அங்குத் திருவிதாங்கூர் அரசு வலிய அரண் அமைத்திருந்தது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது, 1809 பிப்ரவரி 10இல் கும்பெனிப் படை அவ்வரணைக் கைப்பற்றியது. வாயிலை நேரே உடைத்தன்று. செங்குத்தான தென்மலையில் இரவில் ஏறி உட்புகுந்தது. அதன்பின் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் விரைவில் அப்படையின் வசமாயின.

கணினி அரண்களும் பெரும்பாலும் இவ்வாறே வீழ்கின்றன. மறைத்திறவுகோல் வலியது, எனவே பகைவர் அதனை உடைக்க முயலாமல், போலி மின்னஞ்சலால் கடவுச்சொல்லைப் பறிக்கின்றனர், அல்லது உதவி மையத்தை அழைத்துப் பிறர் பெயரில் புதுக் கடவுச்சொல் கேட்கின்றனர். ஆதலால் ஒற்றை உள்நுழைவுடன் இரண்டாம் சான்றையும் சேர்த்தல் நன்று.

ஒரு வாயிலுக்குப் பின் எல்லாவற்றையும் வைக்காதிருத்தலும் காப்பே. கன்னியாகுமரி மாவட்டத்தை அடுத்த கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக, நிர்வாகப் பணிக்கான இணைய இணைப்புடைய கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30இல் ஒப்புக்கொண்டது. இன்றியமையாத உள்வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்றும் அறிவித்தது. அரணுக்குள் அரண் வேண்டுவதன் காரணம் இதனால் விளங்கும்.

சாவி ஒன்றானால் அதைக் காக்கும் பொறுப்பு பன்மடங்காகிறது. பொறியாளர் அமைக்கும் அரணும் பயன்படுத்துவோரின் விழிப்பும் இணைந்தாலன்றிக் காவல் நிறைவுறாது.

கற்பவை கற்றபின்

1. 'அடையாளம் வேறு, அனுமதி வேறு' என்பதை உங்கள் பள்ளி நூலக நடைமுறையோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. சீட்டு முறையின் படிகளை வரைபடமாக்கி வகுப்பறையில் விளக்குக.
3. ஆரல்வாய்மொழி அரணின் வீழ்ச்சியும் கடவுச்சொல் திருட்டும் எவ்வகையில் ஒத்தவை? கலந்துரையாடுக.