வெள்ளித் தண்ணீர் நோய் தீர்க்குமா?

கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் தண்ணீரில் மிதக்கும் கூழ்மம்தான் ‘கொலாய்டல் சில்வர்’. சளி முதல் புற்றுநோய் வரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லி இணையத்தில் விற்கிறார்கள். விற்பவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

நம்பிக்கை: வெள்ளி கிருமிகளைக் கொல்லும். எனவே அதைக் குடித்தால் உடம்புக்குள் இருக்கும் கிருமிகளும் சாகும்.

முதல் வாக்கியம் சரி. 1880-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு எத்தனையோ பேரின் பார்வையைக் காப்பாற்றினார். தீக்காயத்துக்குத் தடவும் வெள்ளை நிறக் களிம்பான சில்வர் சல்ஃபாடயசினிலும் வெள்ளி உண்டு. ஆனால் இதெல்லாம் கண்ணிலும் காயத்திலும் நேரடியாகப் படும் மருந்து. விழுங்கிய வெள்ளியை உடம்பிலுள்ள குளோரைடும் புரதங்களும் பிடித்துக்கொள்கின்றன. குடித்த வெள்ளி எந்த நோயையும் குணமாக்கியதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. இரும்பு, துத்தநாகம்போல வெள்ளி உடம்புக்குத் தேவையான சத்தும் அல்ல. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999-லேயே அறிவித்துவிட்டது.

நம்பிக்கை: இயற்கையானது, பக்கவிளைவே இல்லை.

பால் காரசன் என்ற அமெரிக்கரின் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வீட்டிலேயே வெள்ளிக் கரைசல் தயாரித்து ஆண்டுக்கணக்கில் குடித்தார். தோல் அழற்சிக்காக முகத்திலும் தடவிக்கொண்டார். முகம், கை, உடம்பு எல்லாம் நீலமாக மாறின. மாற்றம் மெல்ல மெல்ல வந்ததால் அவருக்கே தெரியவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்க்க வந்த நண்பர் கேட்டபோதுதான் புரிந்தது. 2013-இல் இறக்கும்வரை அந்த நிறம் அவரை விட்டுப் போகவில்லை. மொன்டானா மாநில அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸ் கதையும் இதேதான். 2000-ஆவது ஆண்டு பிறக்கும்போது கணினிகள் முடங்கி, ஆன்டிபயாட்டிக் மருந்தே கிடைக்காமல் போகும் என்று பயந்து குடிக்க ஆரம்பித்தவர், 2002-இல் நீலச் சாம்பல் முகத்தோடு செனட் தேர்தலில் நின்றார்.

இந்தப் பாதிப்பின் பெயர் ஆர்ஜைரியா. தோலில் தங்கிவிட்ட வெள்ளிச் சேர்மங்கள் வெயில் பட்டுக் கருக்கின்றன. பழைய ஃபிலிம் சுருளில் படம் பதிந்ததும் இதே வேதியியல்தான். அதனால்தான் வெயில் படும் முகமும் கையும் முதலில் நிறம் மாறுகின்றன. சிலருக்கு லேசர் சிகிச்சை ஓரளவு உதவியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுளுக்கும் அழியாத கறை.

(வெள்ளி டம்ளரில் பால் குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம். அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவது விற்பவர்களின் தந்திரம்.)

நம்பிக்கை: கொரோனாவையே விரட்டியது.

விரட்டவில்லை. 2020 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி மதபோதகர் ஜிம் பேக்கரின் நிகழ்ச்சியில் வெள்ளிக் கரைசலை இப்படித்தான் விற்றார்கள். அடுத்த மாதமே மிசௌரி மாநில அரசு வழக்குப் போட்டது. 2021-இல் வழக்கு சமரசமாகி, வாங்கியவர்களுக்கு 1,56,000 டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொரு ஆபத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. தைராய்டுக்குச் சாப்பிடும் தைராக்சின் மாத்திரையும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் உடம்பில் சேர விடாமல் வெள்ளி தடுக்கக்கூடும். உங்கள் வீட்டில் யாராவது இதைக் குடித்துவந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.