மலிவான மின்மாற்றியின் முழு விலை

எங்கள் நெசவாலைக்கு 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் வாங்க இரண்டு விலைப்புள்ளிகள் வந்துள்ளன. ஒன்று 60,000 ரூபாய் மலிவு. ஆனால் அதன் இரும்பு இழப்பு 200 வாட் அதிகம். எதை வாங்குவது?

விலை கூடியதையே தயங்காமல் வாங்கலாம். வாங்கும் விலையோடு, கருவி உழைக்கும் காலம் முழுவதும் அது விழுங்கும் மின்சாரத்தின் விலையையும் கூட்டிப் பார்ப்பதே ஆயுட்காலச் செலவுக் கணக்கு. மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தைக் காந்தப்படுத்தி வைப்பதில் வீணாகும் மின்சாரமே இரும்பு இழப்பு. தறிகள் நின்று ஆலை பூட்டிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை இரவிலும், இணைப்பில் இருக்கும் வரை அது ஓயாது என்பதால், 200 வாட் என்ற சிறிய எண் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 1,752 யூனிட்டாக வளர்கிறது. யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 12,264 ரூபாய். 25 ஆண்டுச் செலவை 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், அதாவது அச்செலவுகளுக்காக இன்றே ஒதுக்க வேண்டிய தொகையைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 1,11,000 ரூபாய் ஆகிறது. மிச்சமாகத் தோன்றும் 60,000 ரூபாயைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இது!

சுருள்களில் ஏற்படும் செம்பு இழப்போ சுமையின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பாதிச் சுமையில் அது கால் பங்காகக் குறைந்துவிடும். ஆகவே முழுச்சுமை எண்ணை அப்படியே பெருக்காமல், ஆலையின் உண்மையான சுமைக்குக் கணக்கிட வேண்டும். இரு இழப்புகளின் உச்ச அளவையும், அவை மீறினால் விலையில் கழிக்கும் தொகையையும் கொள்முதல் ஆணையிலேயே எழுதி வாங்குவது அவசியம்.